வர்ணம் பூசமுன் ஊரை அளத்தல்

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் பெயின்ற் வாளியும் தூரிகையுமாக வீதிக்கு இறங்கினார்கள். தெற்கில் தொடங்கிய அந்த அலை சில வாரங்களுக்குள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. சுவரொட்டிகள் கிழிந்து தொங்கிய மதில்களைச் சுரண்டி, வெள்ளையடித்து, அதன்மேல் படம் வரைந்தார்கள். தெற்கின் சில சுவர்களில் பழைய அரசர்களும் இராணுவச் சிப்பாய்களும் ஏறியபோது, இது யாருடைய வரலாறு என்று கேட்டுப் பலர் எழுதினார்கள். இங்கே வரைந்தவர்கள் தங்கள் பங்குக்குத் தமிழ்ப் பண்பாட்டின் அடையாளங்கள் என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்தவற்றை வரைந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. வெயிலில் நின்று, சொந்தக் காசும் போட்டு, தங்கள் நகரத்தை அழகாக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் ஒரு கேள்வி அப்போதே எழுந்தது. படம் வரையப்பட்ட அந்த மதில் எந்த ஒழுங்கையில் நிற்கிறது, அந்த ஒழுங்கைக்கு ஏன் அந்தப் பெயர், மதிலுக்கு முன்னர் அங்கே என்ன இருந்தது, அந்த வளவில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்பவை பற்றி வரைந்தவர்களுக்கு வரையமுன் இருந்ததைவிட ஏதாவது கூடுதலாகத் தெரிந்ததா? பனைமரத்தை எந்த ஊர் மதிலிலும் வரையலாம். அந்த ஒழுங்கையில் மட்டுமே வரையக்கூடிய படம் எது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பிள்ளைகள் நடக்கவும், அளக்கவும், ஆட்களிடம் கேட்கவும் வேண்டியிருக்கும். பொது இடத்து ஓவியத்தைப் பாடசாலைப் பாடமாக எடுப்பதென்றால் பாடத்தின் பெரும்பகுதி அந்த நடையிலும் கேள்வியிலும்தான் இருக்கிறது. பூச்சு வேலை கடைசி வாரத்துக்கு உரியது.

போர் நடந்த ஒரு நிலத்தில் இது வெறும் கற்பித்தல் முறை பற்றிய விடயமாக நின்றுவிடுவதில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ். பொதுநூலகத்தோடு சேர்த்து ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது உறுதிகளையும் ஒளிப்படங்களையும் எல்லோராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிப் போனவர்களில் பலருக்கு வீடு மட்டுமல்ல, எல்லையும் இல்லை. வேலி இல்லை, கிணறு மூடப்பட்டிருந்தது, அடையாளத்துக்கு நின்ற மரமும் இல்லை. அங்கே இன்று பாடசாலைக்குப் போகும் பிள்ளையிடம் ‘உன் அயலின் வரலாற்றை எழுது’ என்றால் அந்தப் பிள்ளை எதைப் பார்த்து எழுதும்? பார்ப்பதற்கு இருப்பது பற்றைக்காடும் புது வீட்டுத்திட்ட வீடும்தான். மீதியெல்லாம் அம்மம்மாவின் தலைக்குள் இருக்கிறது.

ஒரு தோம்பு

தலைக்குள் இருப்பதைத் தாளில் இறக்கும் வழியை யாழ்ப்பாணத்து ஓவியர் ஒருவர் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீற் தோம்பு’ என்ற ஓவிய நூல்தான் அது. முற்றுப்பெறாத தோம்பு என்று தமிழில் சொல்லலாம். தோம்பு என்றால் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதி வைத்த காணிப் பதிவேடு. யாருக்கு எந்தக் காணி, எவ்வளவு, எவ்வளவு வரி என்ற கணக்கு. சனாதனனின் தோம்பு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு வேறொரு கணக்கைப் போடுகிறது. இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சந்தித்து, தாங்கள் விட்டுவந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டார். எண்பது வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அந்த மனிதரின் கையால் வரைந்த கோணல்மாணலான படம். அதைக் கட்டடக் கலைஞரின் முறைப்படி அளவோடு திருத்தி வரைந்த படம் அடுத்தது. பிறகு, கேட்ட கதையிலிருந்து ஓவியர் வரைந்த ஒரு சித்திரம். நூல் அரச அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் கட்டப்பட்டிருக்கிறது. கச்சேரியில் எத்தனையோ கோப்புகளோடு அலைந்தவர்களுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஓவிய உலகத்தில் இந்த நூல் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் மூன்று படிகள். முதலில் நினைவு, பிறகு அளவு, அதன் பின்னரே கலை. இந்த வரிசையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்யலாம்.

செய்து பார்க்கும் விதம் இப்படி இருக்கும். பிள்ளை வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், இப்போது இல்லாத ஒரு வீட்டையோ கடையையோ வாசிகசாலையையோ வரைந்து தரும்படி கேட்கும். ‘எனக்கெங்கை கீறத் தெரியும்’ என்றுதான் பதில் வரும். பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டியது: படலையால் உள்ளே போனால் வலது பக்கத்தில் என்ன? கிணறு அடுப்படியிலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனை கவடு? மாமரம் யாருடைய பக்கத்துக்குச் சாய்ந்திருந்தது? காலடி எண்ணிக்கை அடியாகும். அடி, கட்டத்தாளில் அளவுப்படமாகும். காணியின் அளவு பரப்பில் சொல்லப்படும்போது, ஒரு ஏக்கரில் பதினாறு பரப்பு என்ற கணக்கும், ஒரு பரப்பில் பதினெட்டுக் குழி என்ற கணக்கும் உள்ளே வந்துவிடும். கணித ஆசிரியர் சந்தோஷப்படுவார். உறுதியில் இருக்கும் காணிப் பெயரைக் கேட்டால் தமிழ் ஆசிரியருக்கும் வேலை கிடைக்கும். கலட்டி என்றால் கல் நிலம், புலம் என்றால் வயல், அடைப்பு என்றால் அடைத்த காணி. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் பெயர் உண்டு. பெயருக்குள் மண்ணின் தன்மையோ, முன்பு இருந்தவரின் பெயரோ, நின்ற மரமோ இருக்கிறது. ரியூசனுக்குப் போகும் அதே ஒழுங்கையில் தான் தினமும் எத்தனை பெயர்களைத் தாண்டிப் போகிறேன் என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவருவது சின்ன விடயமில்லை.

இதில் கவனமும் வேண்டும். வீட்டைப் பற்றிக் கேட்கும்போது வீட்டில் நடந்ததும் வரும். யார் திரும்பி வரவில்லை என்பதும் வரும். பிள்ளைக்குக் கொடுக்கும் கேள்விகள் அடுப்படி, கிணறு, மரம், விளையாட்டு என்ற அளவில் நிற்க வேண்டும். பெரியவர் பேச்சை நிறுத்தினால் பிள்ளையும் நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். சில வீடுகளில் பேசவே மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்குப் புள்ளி குறைக்கக்கூடாது. பக்கத்து வீட்டையோ பாடசாலைக் கட்டடத்தையோ எடுக்கலாம். சொன்னவற்றில் எது மதிலில் ஏறலாம், எது வீட்டோடு நிற்க வேண்டும் என்பதைச் சொன்னவரே தீர்மானிக்க வேண்டும். போர்க்காலத்து அனுபவங்களைச் சேகரிக்க வந்த எத்தனையோ திட்டங்கள் இந்த ஒன்றைக் கேட்காமலேயே போயிருக்கின்றன.

மதிலே ஒரு பத்திரம்

‘வடிவமைப்பு’ என்று சொன்னவுடன் கணினியும் விளம்பரமும் நினைவுக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் நின்று பார்த்தால் வடிவமைப்பு வேறு விதமாகத் தெரியும். நாங்கள் படம் வரைய ஓடும் அந்த மதிலையே முதலில் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான ஒழுங்கைகளில் மதில் மிகப் புதியது. அதற்கு முன் இருந்தது வேலி. கிளுவை, பூவரசு, முள்முருங்கைக் கதியால்கள் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலி. உக்கிய பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். பூவரசங் குழையும் அப்படியே. வேலி அடைப்புக்கு அயலவர் கூடுவார்கள். வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதற்குள்ளால் பிள்ளைகளும் கறிக் கோப்பையும் பகிடியும் போய்வரும். ஷெல் அடித்த நாட்களில் பங்கருக்கு ஓடியதும் அந்தப் பொட்டுக்குள்ளால்தான்.

அந்த வேலி எப்போது, யார் அனுப்பிய காசில் மதிலானது என்று ஒரு வகுப்பு ஒரே ஒரு ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்டுக் குறித்தால், முப்பது வருட இடப்பெயர்வும் புலம்பெயர்வும் ஒரு தாளில் வந்துவிடும். எந்த மதில் எந்த நாட்டு உழைப்பு என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடித் துண்டு பதித்த மதில், பூச்சில்லாமல் கல்லோடு நிற்கும் மதில், ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து உள்ளே எதுவும் தெரியாத மதில் என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவின் விளைவு. மதிலில் படம் வரையமுன் மதிலையே வாசிக்கச் சொல்லிக் கொடுக்கலாம் என்கிறேன்.

மிச்சமிருக்கும் பழையவற்றில் வடிவமைப்பின் காரணம் இன்னும் தெளிவாகத் தெரியும். சங்கடப்படலைக்கு ஏன் கூரை? வெயிலில் வருபவர் வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே ஒதுங்கி நிற்க. நாற்சார் வீட்டின் நடு முற்றம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இருக்கிறது: வீதி அதன் ஊடாகப் போகிறது, இரு பக்கமும் தூண்களோடு உயர்ந்த திண்ணை, மேலே வீதியையும் சேர்த்து மூடிய கூரை. வழிப்போக்கர் இருந்து ஆறிப் போவதற்காகக் கட்டியது. ஆற்று நீர் இல்லாத, மரநிழல் குறைந்த ஒரு குடாநாட்டில் நடந்து போகிறவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தவர்கள் செய்த வேலை. அதை அளந்து வரைந்த மாணவர்களிடம், உங்கள் சந்திக்கு ஒரு பஸ் தரிப்பிடம் வடிவமையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். இன்று நாங்கள் கட்டும் தரிப்பிடங்கள் பலவற்றில் பின்னேர வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.

பழைய வீதியோரங்களில் கேணியும், மாடு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல்லும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும் சேர்ந்தே இருந்தன. சுமைதாங்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதைக் கட்டும் வழக்கம் எங்களிடம் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன ஒருத்தியின் பெயரில், மற்றவர்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். நினைவுச் சின்னம், பொதுக் கலை, பயன்பாட்டுப் பொருள் மூன்றும் ஒன்றாக இருந்த ஒன்று எங்கள் வீதியிலேயே இருந்திருக்கிறது. வீதி அகலிப்பில் எத்தனை சுமைதாங்கிகள் போயின என்று ஒரு பாடசாலை தன் சுற்றாடலில் மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

உயிரோடு இருக்கும் உதாரணமும் உண்டு. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு வடிவமைப்புக் கல்வி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மூங்கிலை எவ்வளவு சீவுவது, முச்சை எங்கே கட்டுவது, வாடைக்காற்று எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் பெடியள் மூத்த பெடியளிடமிருந்து வெறும் முற்றத்தில் படித்தவை. சித்திரப் பாடத்துக்கு வெளியே அது நடக்கிறது.

வெளியில் நடந்தவை

சித்திரப் பாடத்துக்கு வெளியே என்று சொன்னதில் ஒரு பழைய கதை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்தின் தொடக்கமே பாடசாலையோடு ஒட்டியது. சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை 1930களின் இறுதியில், இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராக இருந்த வின்ஸரின் பெயரில் ஓர் ஓவியக் கழகத்தை இங்கே தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சித்திர ஆசிரியர்கள். பின்னர் பெனடிக்ற் நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகம் வந்தது. அதில் பயின்ற குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு, 2000 இல் இறக்கும்வரை பல தலைமுறைகளுக்கு ஆசானாக இருந்தார். விடுமுறைக்காலம் என்ற பெயரைக் கவனியுங்கள். பாடசாலை நேரத்துக்குள் அடங்காததை விடுமுறையில்தான் செய்ய முடிந்தது. இன்றும் பெரிய மாற்றமில்லை. அழகியற் பாடங்களில் ஒன்றாகச் சித்திரத்தை எடுக்கும் பிள்ளை சிகிரியா ஓவியத்தையும் பொலனறுவைச் சிற்பத்தையும் பரீட்சைக்காகப் படிக்கிறது. அவற்றைப் படிப்பதில் தவறில்லை. தன் ஊர்க் கோயில் தேரில் இருக்கும் மரச் சிற்பத்தைப் பற்றியோ, வெளிமதிலின் காவி வெள்ளைப் பட்டையைப் பற்றியோ அதே பாடத்தில் ஒரு கேள்வி வருவதில்லை என்பதுதான் குறை.

ஊரையே பாடமாக்க மற்ற இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். லண்டனின் பிம்லிக்கோ பாடசாலையில் 1974 முதல் 1976 வரை ‘பிரண்ட் டோர்’ என்ற திட்டம் நடந்தது. முன்கதவு என்று பொருள். சித்திர ஆசிரியை ஐலீன் அடம்ஸ் கட்டடக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தெருவுக்கு அழைத்துப் போனார். பார், வரை, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேள், வேறு எப்படி இருக்கலாம் என்று யோசி என்ற வரிசையில் அது நடந்தது. அந்த அனுபவம் பின்னர் பிரித்தானியாவின் பல பாடசாலைகளுக்குப் பரவியது. அங்கே சுவரில் எதையும் வரைவது கட்டாயமாக இருக்கவில்லை.

சுவரில் வரைந்த உதாரணம் எங்களுக்கு இன்னும் கிட்ட வருகிறது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெள்ளநீர் ஓடும் ஒரு கொங்கிறீற் கால்வாயின் பக்கச் சுவரில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976 இல் ஒரு வேலையைத் தொடங்கினார். பல கோடை விடுமுறைகளில், நானூறுக்கும் மேற்பட்ட இளையவர்கள் சேர்ந்து, 2,754 அடி நீளத்துக்கு, ஏறத்தாழ 840 மீற்றர், தங்கள் பிரதேசத்தின் வரலாற்றை வரைந்தார்கள். அவர்களில் பலர் பொலிஸிலும் நீதிமன்றத்திலும் பெயர் பதிவான ஏழைச் சிறுவர்கள். வரலாற்றாசிரியர்களையும் முதியவர்களையும் கேட்ட பிறகே படம் தீர்மானமானது. அதில் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டதும் இருக்கிறது, மெக்சிக்கர்கள் நாடு கடத்தப்பட்டதும், விளையாட்டரங்குக்காக ஒரு குடியிருப்பு வெளியேற்றப்பட்டதும் இருக்கிறது. முகாமும் வெளியேற்றமும் எங்களுக்குப் புதிய சொற்களில்லை. ஒரு நகரத்தின் சுவரில் அவற்றை அந்த நகரத்தின் பிள்ளைகளே வரைய இடம் கிடைத்தது என்பதே புதியது.

இலங்கைக்குள் கொழும்பு கொம்பனித் தெருவில், மாடிக் கட்டடங்களுக்காகக் குடியிருப்புகள் அகற்றப்பட்டு வந்த காலத்தில், அங்கேயே பிறந்து வளர்ந்த பிரி ரஹ்மானும் அவருடைய தோழர்களும் ‘நாங்கள் இங்கிருந்து வருபவர்கள்’ என்ற பொருளில் ஒரு கலைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அயலவர்களின் உருவங்களே சுவர்களில் ஏறின. சென்னையின் கண்ணகி நகர் வேறு கதை. நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட அந்த அடுக்குமாடிகளில் 2020 அளவில் பிரமாண்டமான ஓவியங்கள் வரையப்பட்டன. பார்க்க அழகானவை. ஆனால் பல ஓவியர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். மக்கள் எங்கிருந்து ஏன் இங்கே வந்தார்கள் என்ற கேள்வியைவிட வர்ணமே முன்னுக்கு நின்றது என்பது என் அபிப்பிராயம்.

எதை வரைவது, எதை விடுவது

ஊரின் வரலாற்றைக் கேட்கத் தொடங்கினால் பெருமைப்படக்கூடியது மட்டும் வராது. சோனகத் தெருவில் நின்று கேளுங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாட்களில் தங்கள் ஊரை இழந்தார்கள். திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள். பக்கத்துப் பாடசாலைத் தமிழ்ப் பிள்ளைக்கு இது வகுப்பறையில் எங்கே தெரியவரும்? இரண்டு பாடசாலைகளின் பிள்ளைகள் சேர்ந்து அந்தத் தெருவின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் 1990க்கு முன்னும் பின்னும் என்று இரண்டு வரைபடமாக வரைந்தால், யாரும் பிரசங்கம் செய்யத் தேவையிருக்காது. சனாதனனின் தோம்பில் முஸ்லிம் வீடுகளும் இருப்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

கிணற்றைப் பற்றிக் கேட்டாலும் இதே சிக்கல்தான். பொதுக் கிணறு யாருக்கெல்லாம் பொது? தேநீர்க் கடையில் யாருக்குப் போத்தலில் தேநீர் கொடுத்தார்கள்? 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் என்ன நடந்தது? இவை ஒவ்வொன்றும் ஒரு தெருவோடும் ஒரு கதவோடும் ஒட்டிய கேள்விகள். சாதியைப் பற்றி வகுப்பில் பேசக்கூடாது என்று நினைக்கும் அதிபர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் உண்டு. அதற்காக ‘எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர்’ என்று மதிலில் எழுதினால், தண்ணீர் அள்ள விடாத கிணற்றை நினைவு வைத்திருக்கும் பாட்டியை அவருடைய பேரப்பிள்ளையின் கையாலேயே பொய்யாக்குகிறோம்.

இன்னொரு பயம் மேலிருந்து வருவது. 2021 ஜனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அந்த நிலை என்றால், பதினைந்து வயதுப் பிள்ளைகள் வீதி மதிலில் எதையாவது வரைந்து, அடுத்த நாள் யாராவது வந்து விசாரித்தால் யார் முன்னுக்கு நிற்பது? பெற்றோர் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். இதற்கு என்னிடம் முழுமையான பதிலில்லை. ஆனால் வீட்டின் தளப்படமும், காணியின் பெயரும், மூடப்பட்ட கிணற்றின் இடமும் யாரும் எளிதில் குற்றமாக்க முடியாத விடயங்கள். ஒரு ஒழுங்கையின் பழைய வரைபடத்தை அதே ஒழுங்கையில் வரைவது சுலோகம் எழுதுவதைவிடக் கூடுதலாகச் சொல்லும். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற்றில் ஆயுதக் குழுக்களின் சுவரோவியங்களை மாற்ற 2006 இல் அரச உதவியோடு ஒரு திட்டம் வந்தபோது, பல இடங்களில் முகமூடியும் துப்பாக்கியும் போய் விளையாட்டு வீரர்களும் கப்பல் தொழிலாளர்களும் வந்தார்கள். வலியைத் துடைத்து மறைக்கிறார்கள் என்று விமர்சனமும் எழுந்தது. மாற்றுவதா வைத்திருப்பதா என்று அந்தத் தெருவாசிகளைக் கூட்டிக் கேட்ட இடங்களில் வேலை ஓரளவு நின்றது.

மதில், மழை, அனுமதி

செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். எந்த மதில் என்பதில் என் தெரிவு சனசமூக நிலையத்து மதில். குடாநாட்டில் பெரும்பாலான அயல்களில் ஒன்று இருக்கிறது. வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், முன்பள்ளி என்று ஏதோவொன்று அதோடு சேர்ந்து நடக்கிறது. அதன் நிர்வாகத்தில் ஊரின் மூத்தவர்கள் இருப்பதால் அனுமதியும் கதையும் ஒரே இடத்தில் கிடைக்கும். பழைய கூட்டக் குறிப்புப் புத்தகம் தப்பியிருந்தால் அது தனிப் பொக்கிஷம். தனியார் மதில் என்றால் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். வீதியோரப் பொது மதிலுக்கு மாநகர சபையோ பிரதேச சபையோ, பெரிய வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையோ அனுமதி தர வேண்டும். பாடசாலை நேரத்தில் வெளியே அழைத்துப் போக வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் தேவை.

பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களில் வரைய வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். அதன்மேல் இன்றைய எமல்ஷன் பெயின்ற் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சாந்தையும் சேர்த்து உரித்துவிடும். நல்லூர் மந்திரிமனை, சங்கிலித்தோப்பு வளைவு போன்றவற்றை அளந்து தாளில் வரையலாமே தவிர, தூரிகையைக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. புதிய சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது நான்கு வாரம் காய விட வேண்டும். வெளிச்சுவருக்கான பூச்சுக்கு மேலேதான் வர்ணம் நிற்கும். குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று வர்ணத்தின் ஆயுளைக் குறைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. மாசி, பங்குனி தோதான மாதங்கள். மழைக்காலத்தைக் கதை கேட்கவும் அளவுப்படம் வரையவும் ஒதுக்கினால், மதில் காயும் நேரத்தில் படம் தயாராக இருக்கும்.

தாளில் உள்ள படத்தைப் பெரிதாக்கக் கட்டம் போடும் முறை போதும். தாளில் இரண்டு சென்ரிமீற்றர்க் கட்டம், மதிலில் ஐம்பது சென்ரிமீற்றராகும். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம் என்று பிரித்தால் நன்றாக வரையும் மூன்று பேர் வேலை செய்ய மற்றவர்கள் வாளி தூக்கும் நிலை வராது. வர்ணம் கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு வழிகளும் உண்டு: சீமெந்துப் பலகையில் காணிப் பெயர்களைப் பதித்து ஒழுங்கை முகப்பில் வைக்கலாம்; உடைந்த சுமைதாங்கி ஒன்றைக் கொத்தனார் ஒருவரின் உதவியோடு நிமிர்த்தலாம்; அளவுப்படங்களை மட்டும் சனசமூக நிலையத்துக்குள் தொங்கவிடலாம். பொதுக் கலை என்றால் பெயின்ற் கடைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நேரம்தான் பெரிய பிரச்சினை. புலமைப்பரிசில், சாதாரண தரம், பின்னேரம் ரியூசன், ஞாயிறும் ரியூசன். ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடமே இருப்பதால் அங்கே இடம் உண்டு. அதற்கு மேலே ஏழாம், எட்டாம் வகுப்புகள்தான் பரீட்சை இன்னும் கழுத்தைப் பிடிக்காத காலம். சித்திரம், வரலாறு, புவியியல், குடியியல் ஆசிரியர்கள் நால்வரும் வாரத்தில் ஒரு பாடவேளையைச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு தவணையில் ஒரு ஒழுங்கையை முடிக்கலாம். மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் அருகிலுள்ள பாடசாலைகளையும் இணைப்பதற்கு ஒரு கடிதமும் ஒரு பஸ் பயணமும் போதும்.

வரைந்து முடித்த மதிலின் ஓரத்தில் வகுப்பையும் வருடத்தையும், சம்மதித்தால் கதை சொன்ன மூத்தவர்களின் பெயரையும் எழுதி, ஒரு கட்டத்தை வெறுமையாக விடலாம். வீதியால் போகிறவர்கள் நின்று ‘இந்தக் கிணறு இங்கையில்லை, அங்காலை’ என்று சொல்வார்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், தன் தகப்பனின் கடையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கக்கூடும். அடுத்த வருடத்து வகுப்பு அவற்றைக் குறித்துக்கொண்டு, பழைய அளவுப்படத்தை மீண்டும் எடுத்து, அந்தக் கிணற்றடியிலிருந்து கவடு எண்ணத் தொடங்கலாம்.